அந்தத் தாய் ஏன் அழவில்லை? தீர்ப்புக்குக் காத்திருக்கும் குடும்பக் கொலை வழக்கைப் பற்றிப் பேசும்போது

2008 மே 16, வெள்ளிக்கிழமை காலை. டெல்லியை ஒட்டியிருக்கும் நொய்டாவின் ஜல்வாயு விஹார் குடியிருப்பில், ஆருஷி தல்வார் தன் படுக்கையில் கொலையுண்டு கிடந்தாள். பதினான்கு வயது நிறைய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. வீட்டு வேலையாள் ஹேம்ராஜைக் காணவில்லை. கொன்றது அவர்தான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. நேபாளத்துக்காரர், வேலைக்காரர், ஆளையும் காணோம், வேறென்ன வேண்டும்? காவல்துறை அவரைப் பிடித்துக்கொடுப்பவருக்கு இருபதாயிரம் ரூபாய் சன்மானம் அறிவித்தது. தொலைக்காட்சிகள் அவர் பெயரை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தன. மறுநாள் அதே கட்டடத்தின் மொட்டைமாடிக் கதவுப் பூட்டை உடைத்துப் பார்த்தபோது ஹேம்ராஜ் அங்கே பிணமாகக் கிடந்தார். ஊரே அவரைத் தேடிய அந்த ஒரு நாளும், அவர் மே மாத வெயிலில் அங்கேதான் கிடந்திருக்கிறார்.

ஒரு குடும்பத்துக்குள் கொலை நடந்து, வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், சாட்சிகள் விசாரணை முடிந்து, இரு தரப்பு இறுதி வாதமும் முடிந்து, 'தீர்ப்பு ஒத்திவைப்பு' என்று செய்தி வரும் கட்டம் ஒன்று உண்டு. வாதம் முடிந்துவிட்டது, நீதிபதி ஆவணங்களைப் படித்துத் தீர்ப்பு எழுதப் போகிறார் என்பதே அதற்குப் பொருள். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 258-ஆம் பிரிவு, கொலை போன்ற பெரிய குற்றங்களை விசாரிக்கும் செஷன்ஸ் நீதிமன்றத்தில் வாதம் முடிந்த 30 நாட்களுக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்கிறது. காரணத்தைப் பதிவு செய்துவிட்டு 45 நாள்வரை நீட்டிக்கலாம். இந்த இடைவெளியில்தான் டீக்கடையிலும் அலுவலகத்திலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பேச்சு உச்சத்துக்குப் போகும். புதிய சாட்சியம் எதுவும் வரப்போவதில்லை. ஆளாளுக்குத் தீர்ப்பு மட்டும் இருக்கும்.

பேசாதே என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். நீதிமன்றம் பொது இடம், அங்கே நடப்பதைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் நாம் ஒரு கேள்விக்கு விடை தேடுகிறோம், நீதிமன்றம் வேறொரு கேள்விக்கு விடை தேடுகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் பேசும்போது பாதிக்கப்படுவது உயிருள்ள மனிதர்கள். ஆருஷி வழக்கை வைத்தே இதைச் சொல்கிறேன். நம் நாட்டில் இவ்வளவு பேசப்பட்ட குடும்பக் கொலை வழக்குகள் குறைவு. ஒரு வழக்கில் என்னென்ன தவறாகப் போகலாமோ அத்தனையும் அதில் போனது.

ஹேம்ராஜின் உடல் கிடைத்த ஒரு வாரத்தில், மே 23 அன்று, ஆருஷியின் தந்தை ராஜேஷ் தல்வார் கைதானார். பெற்றோர் இருவருமே பல் மருத்துவர்கள். காவல்துறை உயர் அதிகாரி ஒருவர் செய்தியாளர்களைக் கூட்டி, மகளையும் வேலையாளையும் தகாத நிலையில் பார்த்துவிட்டுத் தந்தையே இருவரையும் கொன்றார் என்றார். அந்தச் சந்திப்பில் இறந்த சிறுமியின் பெயரைக்கூட அவர் மாற்றிச் சொன்னார். பெயரையே சரியாகத் தெரிந்துகொள்ளாதவர் அவளுடைய நடத்தையைப் பற்றி மட்டும் அத்தனை உறுதியாகப் பேசினார். பதில் சொல்ல அவள் உயிரோடு இல்லை. இந்த வழக்கில் எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான்.

ஜூன் 1-ஆம் தேதி வழக்கு சிபிஐ கைக்குப் போனது. முதல் சிபிஐ குழு, தல்வாரின் கிளினிக் உதவியாளர் ஒருவரையும் தெரிந்த குடும்பம் ஒன்றிலும் பக்கத்து வீட்டிலும் வேலை பார்த்த இருவரையும் சந்தேகித்துக் கைது செய்தது. ராஜேஷ் ஜூலையில் வெளியே வந்தார். பிறகு அந்த மூவரும் ஆதாரமில்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். 2009-இல் வேறொரு சிபிஐ குழு பொறுப்பேற்றது. 2010 டிசம்பர் 29 அன்று அது, சந்தேகம் பெற்றோர் மீதுதான், ஆனால் வழக்கு நடத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று வழக்கை முடித்துக்கொள்ளும் அறிக்கையைத் தாக்கல் செய்தது. 2011 பிப்ரவரியில் காஸியாபாத் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, பெற்றோர் இருவரையுமே குற்றம் சாட்டப்பட்டவர்களாக வரச் சொல்லிச் சம்மன் அனுப்பியது. அதற்குச் சில நாள் முன்பு, நீதிமன்ற வளாகத்திலேயே ஒரு இளைஞர் ராஜேஷ் தல்வாரை வெட்டுக்கத்தியால் தாக்கிப் படுகாயப்படுத்தினார். வழக்கு விசாரணை அப்போது தொடங்கக்கூட இல்லை.

நாம் பார்ப்பது முகத்தை

கணவர் கைதான பிறகு ஆருஷியின் தாய் நூபுர் தல்வார் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். கண்ணீர் விடவில்லை. நிதானமாகப் பேசினார். நாடு முழுக்க ஒரே பேச்சு: பெற்ற மகள் செத்துக் கிடக்கிறாள், எந்தத் தாய் இப்படி உட்கார்ந்து பேசுவாள்?

குடும்பக் கொலை வழக்கில் மட்டும் இந்த ஆபத்து அதிகம். வங்கி மோசடி வழக்கில் நமக்குக் கருத்து வருவதில்லை, அது நமக்குத் தெரியாத உலகம். தாய், தகப்பன், மாமியார், மருமகள் என்றால் நாம் எல்லோருமே அனுபவஸ்தர்கள். நான் அந்த இடத்தில் இருந்தால் இப்படியா இருப்பேன் என்று அளக்க ஆரம்பித்துவிடுகிறோம். துக்கம் ஆளுக்கு ஒரு விதமாக வரும் என்பது சாவு வீட்டுக்குப் போன எவருக்கும் தெரியும். ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார், இன்னொருவர் வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருப்பார். காபி போட்டவருக்குத் துக்கமில்லை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. தொலைக்காட்சியில் பார்க்கும்போது மட்டும் சொல்கிறோம்.

சட்டம் நடத்தையைக் கண்டுகொள்வதே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, குற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒருவர் நடந்துகொண்ட விதத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம். ஓடி ஒளிந்தார், ரத்தக் கறை படிந்த துணியை எரித்தார் என்பதெல்லாம் அந்த வகை. ஆனால் நடத்தை துணைக்கு வரும் சங்கதி மட்டுமே. அழவில்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் கொலைகாரர் ஆக்க முடியாது.

நீதிமன்றம் பார்ப்பது சங்கிலியை

வீட்டுக்குள் நடக்கும் கொலையை நேரில் பார்த்தவர்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். வழக்கு முழுவதும் சூழ்நிலைச் சாட்சியத்தில் நிற்கும். யார் கடைசியாக உடன் இருந்தார், கதவு எப்படிப் பூட்டியிருந்தது, ரத்தம் எதில் இருந்தது, காரணம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். சூழ்நிலைச் சாட்சியம் என்றால் பலவீனமான சாட்சியம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அதை மட்டும் வைத்து ஆயுள் தண்டனையும் தூக்கும்கூட விதிக்கப்பட்டிருக்கிறது. அதற்கான அளவுகோல்தான் கடுமையானது.

அந்த அளவுகோலைத் தெளிவாக வகுத்துக் கொடுத்ததும் ஒரு குடும்ப வழக்குதான். புனேயில் 1982-இல் ஒரு இளம் மனைவி சயனைடு விஷத்தால் இறந்தார். கணவர் சரத் பிர்திசந்த் சார்தாவுக்குத் தூக்குத் தண்டனை. மனைவி மனம் நொந்து எழுதிய கடிதங்கள் இருந்தன, கணவர் மீது சந்தேகம் வரக் காரணங்களும் இருந்தன. 1984-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தப் பெண் தானே விஷம் குடித்திருக்கும் சாத்தியத்தை அரசுத் தரப்பால் அடைக்க முடியவில்லை என்பது முக்கியமான காரணம். அந்தத் தீர்ப்பு சொன்ன ஐந்து நிபந்தனைகளின் சாரம் இது: ஒவ்வொரு சூழ்நிலையும் முதலில் தனித்தனியாக நிரூபணமாக வேண்டும். எல்லாம் சேர்ந்து குற்றம் சாட்டப்பட்டவரை மட்டுமே காட்ட வேண்டும். அவர் நிரபராதியாக இருக்க நியாயமான வழி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் போச்சு. 'செய்திருக்கலாம்' என்பதற்கும் 'செய்தே இருக்க வேண்டும்' என்பதற்கும் நடுவில் நெடுந்தூரம் என்பது உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் கருத்து. நம் பேச்சு எப்போதும் 'செய்திருக்கலாம்' என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. கேட்கப் பொருத்தமாக ஒரு கதை கிடைத்தவுடன் நமக்குத் திருப்தி வந்துவிடுகிறது.

ஆருஷி வழக்கில் அந்தக் கண்ணிகள் எப்படி இருந்தன என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முதலில் கதவு. அன்று காலை ஆறு மணிவாக்கில் வேலைக்காரப் பெண் வந்து மணி அடித்தார். உள்ளிருந்து நூபுர், கதவு வெளியே பூட்டியிருக்கும், ஹேம்ராஜ் பால் வாங்கப் போயிருப்பார் என்று சொல்லி, பால்கனியிலிருந்து சாவியைக் கீழே போட்டார். அந்தக் கதவு உள்ளே தாழிட்டிருந்ததா, வெளியே தாழிட்டிருந்ததா? வெளியே என்றால், கொன்றவர் வெளியேறிப் போகும்போது தாழிட்டிருக்கலாம். உள்ளே என்றால் விரல் பெற்றோரை நோக்கித் திரும்பும். மொத்த வழக்கும் ஒரு தாழ்ப்பாளில் தொங்கியது என்றே சொல்லலாம். அந்தப் பெண் சாட்சிக் கூண்டில் நின்று, தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்வதாகச் சொல்லிவிட்டார். அவர் சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சி என்று உயர் நீதிமன்றம் பின்னர் கருதியது.

அடுத்தது ஒரு தலையணை உறை. கிளினிக் உதவியாளரின் அறையில் எடுத்த உறையில் ஹேம்ராஜின் மரபணு இருந்ததாக 2008-லேயே ஹைதராபாத் ஆய்வகத்தின் அறிக்கை சொன்னது. வெளியாள் ஒருவரின் அறையில் கொலையுண்டவரின் ரத்தம் என்றால் வழக்கின் திசையே வேறு. 2011-இல் பெற்றோர் தரப்பு இதைச் சுட்டிக்காட்டியபோது, அறிக்கையில் இரண்டு உறைகளின் விவரம் தட்டச்சுப் பிழையால் இடம் மாறிவிட்டது, உண்மையில் அது ஹேம்ராஜின் அறையிலிருந்த உறைதான் என்று விளக்கம் வந்தது. வெறும் தட்டச்சுப் பிழையா, அதற்கு மேலா என்ற கேள்வி உயர் நீதிமன்றம்வரை போனது. தொலைக்காட்சி விவாதங்களில் அந்த உறை பேசப்பட்டதை விட, தாயின் வறண்ட கண்கள் பல மடங்கு பேசப்பட்டன.

இந்த இடத்தில் நியாயமாகவே ஒரு கேள்வி எழும். பூட்டிய வீட்டுக்குள் நான்கு பேர், இருவர் பிணம், மீதி இருவர் உயிரோடு. என்ன நடந்தது என்று அந்த இருவர்தானே சொல்ல வேண்டும்? சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தை அவரே விளக்க வேண்டும் என்றது சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 109. வீட்டுக்குள் நடக்கும் குற்றங்களுக்கு இந்தப் பிரிவு எப்படிப் பொருந்தும் என்று 2006-இல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொல்லியிருக்கிறது. மனைவி வீட்டுக்குள் இறந்து கிடக்க, கணவன் எனக்கொன்றும் தெரியாது என்று ஒதுங்கிவிட முடியாது.

ஆனால் வரிசை முக்கியம். அரசுத் தரப்பு முதலில் தன் பங்கை நிரூபிக்க வேண்டும், அதற்குப் பிறகே விளக்கும் சுமை மறுபக்கம் போகும். 1956-இல் ஷம்பு நாத் மெஹ்ரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆருஷி வழக்கில் இரண்டு நீதிமன்றங்களும் பிரிந்த இடம் இதுதான். 2013 நவம்பர் 25 அன்று காஸியாபாத் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் பெற்றோரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து, மறுநாள் ஆயுள் தண்டனை விதித்தது. 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் பி.கே. நாராயணா, ஏ.கே. மிஸ்ரா அமர்வு இருவரையும் விடுவித்தது. வீட்டுக்குள் வேறு யாரும் வந்திருக்கவே முடியாது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை. ஆகவே விளக்கும் சுமை பெற்றோர் மேல் விழாது என்பது அதன் முடிவு. விசாரணை நீதிபதி ஒரு கணித ஆசிரியரைப்போல விடையை வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டிருக்கிறார் என்றும், சினிமா இயக்குநரைப்போல நடந்ததைக் கற்பனை செய்திருக்கிறார் என்றும் நீதிபதி மிஸ்ரா கண்டித்து எழுதினார். இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு வருடத்தைப் பெற்றோர் தாஸ்னா சிறையில் கழித்திருந்தார்கள்.

எதைப் பேசலாம்

ஜூரி முறை உள்ள நாடுகளில் இந்தக் காத்திருப்புக் காலத்தில் சட்டம் மிகக் கறாராக இருக்கும். ஆஸ்திரேலியாவில் எரின் பேட்டர்சன் விஷக் காளான் விருந்தால் தன் கணவர் வீட்டுச் சொந்தங்களைக் கொன்றதாக 2025-இல் நடந்த வழக்கில், முடிவெடுக்கும் நாட்களில் ஜூரிகளை வீட்டுக்கே அனுப்பாமல் வெளியுலகத் தொடர்பின்றித் தங்க வைத்தார்கள். காரணம், தீர்மானிப்பவர்கள் நம்மைப்போன்ற சாதாரண மக்கள். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் ஜூரி இருந்தது. தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் சிறைக்குப் போன லட்சுமிகாந்தன் கொலை வழக்கு ஜூரி முன்தான் நடந்தது. 1959-இல் பம்பாயில், மனைவியோடு தொடர்பு வைத்திருந்தவரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதிக்காக ஒரு வாரப் பத்திரிகை பெரிய இயக்கமே நடத்தியது. ஜூரி 8-க்கு 1 என்று அவரைக் குற்றமற்றவர் என்றது. உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு ஆயுள் தண்டனை கொடுத்தது, 1961-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

நீதிபதிதானே தீர்ப்பு சொல்கிறார், அவர் ஊர்ப் பேச்சுக்கு மசிவாரா, நாம் பேசினால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்பதுண்டு. நீதிபதியை விடுங்கள். சாட்சி மசிவார். தான் பார்த்ததும் தொலைக்காட்சியில் பார்த்ததும் ஒரு சாட்சியின் மனதில் கலந்துவிட்டால், அதை எந்தக் குறுக்கு விசாரணையாலும் பிரிக்க முடியாது. உண்மை தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொள்வார். விசாரணை அதிகாரி, ஊர் கேட்கும் ஆளைப் பிடித்துக் காட்டும் அவசரத்துக்கு ஆளாவார். விடுதலையானவர் கிளினிக்கைத் திறந்தால் ஆள் வராது. அந்த மூன்று வேலையாட்களின் கதி என்னவாயிற்று என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

சட்டம் போட்டிருக்கும் கோடு ரொம்பக் குறுகியதல்ல. 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின்படி, நீதிமன்றத்தில் நடந்ததை நேர்மையாக, பிழையில்லாமல் எடுத்துச் சொல்வது குற்றமில்லை. முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பதும் குற்றமில்லை. நிலுவையில் இருக்கும் வழக்கின் போக்கைக் கெடுக்கும்படி எழுதுவது குற்றம். ஆறு மாதச் சிறை, இரண்டாயிரம் ரூபாய் அபராதம்வரை போகலாம். இந்தச் சட்டத்தின் கணக்கில் குற்றவியல் வழக்கு 'நிலுவையில்' வருவது குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு, அல்லது நீதிமன்றம் சம்மனோ வாரண்டோ அனுப்பிய பிறகு. கைது முதல் குற்றப்பத்திரிகைவரை உள்ள நாட்களில்தான் பெரும்பாலான பெயர்கள் நாறடிக்கப்படுகின்றன. கைதிலிருந்தே பாதுகாப்புத் தொடங்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2006-இல் தன் 200-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது சட்டமாகியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். 2012-இல் சஹாரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உண்மையான ஆபத்து இருந்தால் செய்தி வெளியீட்டைத் தற்காலிகமாகத் தள்ளிவைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நமக்கே சில விஷயங்கள் தெரிந்திருந்தால் பேச்சு மாறும். 'போலீசில் ஒப்புக்கொண்டார்' என்ற செய்தி எவ்வளவு பெரிய எழுத்தில் வந்தாலும், காவல்துறையிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதன் மூலம் ஆயுதமோ உடலோ கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்புக்குக் காரணமான பகுதி மட்டும் செல்லும். மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் கேள்வி கேட்கும் நார்கோ சோதனையும் அப்படித்தான். ஆருஷி வழக்கில் அந்தக் காட்சிகள் தொலைக்காட்சியில் ஓடின, பார்த்தவர்கள் தீர்ப்பே வந்துவிட்டதாக நினைத்தார்கள். 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் அந்தச் சோதனை நடத்தவே கூடாது, சம்மதத்தோடு நடத்தினாலும் அதில் சொன்னது நேரடிச் சாட்சியம் ஆகாது என்றது. ஆகவே இன்னாரிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது, அவர் இப்படிப் பதில் சொன்னார், இந்தத் தடயத்தை இன்ன ஆய்வகம் இப்படிச் சொன்னது என்று பேசுங்கள். அது ஆரோக்கியமான பேச்சு. போலீஸ் புலனாய்வின் ஓட்டைகளைத் தாராளமாகக் கேளுங்கள். இறந்தவரின் ஒழுக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் குழந்தைகளின் பெயரையும் படத்தையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

தீர்ப்பு வந்த பிறகும் வழக்கு முடிந்துவிடாது. தல்வார் தம்பதியின் விடுதலையை எதிர்த்து 2018-இல் சிபிஐ உச்ச நீதிமன்றம் போனது. ஆருஷியையும் ஹேம்ராஜையும் கொன்றதற்காக இன்று யாரும் சிறையில் இல்லை. விடுதலை என்றால் நீதிமன்றம் இன்னொருவரைக் கொலையாளி என்று சொல்லிவிட்டதாகப் பொருளில்லை, குற்றம் நிரூபணமாகவில்லை என்பது மட்டுமே. ஹேம்ராஜின் குடும்பத்துக்கும் அந்த விடை இன்னும் பாக்கி இருக்கிறது.

நீங்கள் கவனித்துவரும் வழக்கில் தீர்ப்பு வரும் நாளில் தலைப்புச் செய்தியோடு நிறுத்திவிடாமல் தீர்ப்பையே படித்துப் பாருங்கள். பெரும்பாலான மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகள் இப்போது இ-கோர்ட்ஸ் தளத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு தீர்ப்பிலும், முடிவு செய்ய வேண்டிய பிரச்சினைகள் என்னென்ன, ஒவ்வொன்றிலும் முடிவு என்ன, அதற்குக் காரணம் என்ன என்று எழுதியாக வேண்டும் என்பது சட்டம். முதலில் அந்தப் பிரச்சினைகளின் பட்டியலைத் தேடுங்கள். பிறகு சந்தேகம் யாருக்குச் சாதகமாகப் போனது, எந்தச் சாட்சியை நீதிபதி நம்பவில்லை, ஏன் நம்பவில்லை என்ற பத்திகளுக்குப் போங்கள்.